கல்லும் கிரில்லும்: முகாம் அடுப்பில் கொழுப்பு போகும் வழி

கூடாரம் அடித்துத் தங்கும் இடத்தில், திறந்த வெளியில் சமைப்பதற்கு இன்று மிகுதியாகப் பயன்படும் இரண்டு கருவிகளையும் பிரித்துக் காட்டுவது, உணவுக்கும் நெருப்புக்கும் நடுவே திறப்பு உண்டா இல்லையா என்ற ஒரே செய்திதான். கிரில் என்பது இடைவெளி விட்டுக் கம்பிகளைப் பொருத்திய தட்டி. அதன்மேல் வைத்த இறைச்சி கீழே கனலும் தணலையோ எரிவாயுச் சுடரையோ நேருக்கு நேர் எதிர்கொண்டு வேகிறது. கிரிடில் என்று அமெரிக்கர்கள் சொல்வது திறப்பே இல்லாத தட்டையான உலோகத் தகடு. தமிழர் வீட்டுத் தோசைக்கல்லும் கடைத்தெருவின் பரோட்டாக் கல்லும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே என்பதால், இக்கட்டுரையில் அதைக் கல் என்றே குறிப்பது பொருந்தும். சமைக்கும்போது உருகும் கொழுப்பு கிரில்லில் கீழே விழுந்து நெருப்பில் கலக்கிறது, கல்லிலோ உணவின் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. சுவை, சமைக்கக்கூடிய பண்டங்கள், கழுவும் வேலை, காட்டு விலங்குகளால் வரும் தொல்லை ஆகிய அனைத்திலும் இவ்விரண்டும் வேறுபடுவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கொழுப்பின் போக்கிலேயே அடங்கியிருக்கிறது.

கல்லுக்கும் கிரில்லுக்கும் இடையிலான போட்டி முதன்மையாக அமெரிக்க நாட்டுக்கு உரியது. அங்குள்ள தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனங்களிலும், காரை நிறுத்தும் இடம், மரமேசை, தீ மூட்டுவதற்கான இரும்பு வளையம் ஆகியவற்றோடு கூடிய முகாமிடங்களைக் குடும்பங்கள் ஓரிரு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்துக் கூடாரம் அடிக்கின்றன. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1933 முதல் 1942 வரை நடந்த குடிமக்கள் பாதுகாப்புப் படை என்னும் அரசுத் திட்டம், இத்தகைய முகாமிடங்கள் பலவற்றில் பாறைக்கற்களால் ஆன அடுப்புகளையும் மேசைகளையும் கட்டிக்கொடுத்தது. இன்றும் பல இடங்களில் இரும்பு வளையத்தின்மேல் மடக்கித் திருப்பக்கூடிய கம்பித் தட்டி ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதாவது, அமெரிக்க முகாமுக்குச் செல்பவருக்குக் கிரில் பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கிறது. கல்லைத்தான் அவர் வீட்டிலிருந்து சுமந்துவர வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் பலர் அதைச் சுமந்துவருகிறார்கள் என்பதற்குத் தகுந்த காரணங்கள் உள்ளன.

கம்பித் தட்டியின்மேல் உள்ள உணவுக்கு வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாக வந்து சேர்கிறது. சிவந்து கனலும் கரியிலிருந்து புறப்படும் அகச்சிவப்புக் கதிர்கள் இடைவெளியைக் கடந்து இறைச்சியின் மேற்பரப்பைச் சூடாக்க, மேலெழும் வெந்த காற்று அதற்குத் துணைசெய்கிறது. கம்பி தொடும் இடங்களில் மட்டும் உலோகம் நேரடியாகச் சுட்டுக் கருங்கோடுகளைப் பதிக்கிறது. கல்லில் நடப்பது கடத்தல், அதாவது சூடான உலோகம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கு வெப்பத்தை நேராகக் கொடுப்பது. இறைச்சியோ மாவோ பொன்னிறமாகி மணம் பெறுவதற்குக் காரணமான வேதிவினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயிலார்டு 1912இல் விளக்கினார். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் இந்த வினை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் விரைவு பெறுகிறது. உணவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாது. ஆகவே ஈரத்தை விரைவாகவும் பரவலாகவும் வெளியேற்றும் கருவியில்தான் சிவப்பு நன்றாக ஏறும். அந்த வகையில் கல்லுக்கே மேன்மை, ஏனெனில் கம்பியில் கோடுகள் மட்டும் சிவக்க, கல்லில் தொடும் பரப்பு முழுவதும் சிவக்கிறது. கொத்திய மாட்டிறைச்சி உருண்டையைச் சூடான கல்லில் வைத்துக் கரண்டியால் அழுத்தித் தட்டையாக்கிச் செய்யும் பர்கர் அமெரிக்காவில் பெரும் விருப்பத்தைப் பெற்றிருப்பதும் இதனால்தான். அதே உருண்டையைக் கம்பியின்மேல் அழுத்தினால் பாதி தணலில் விழுந்துவிடும்.

அப்படியானால் கரி கிரில்லின் தனிச்சுவை எங்கிருந்து வருகிறது? அது கரியிலிருந்து வருவதாகவே பலர் நம்புகிறார்கள். மரத்தின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் போன்ற பொருள்கள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பகுதி எரிந்து சிதைவதால் பிறப்பவை. ஆனால் அடுப்புக்கரி என்பது மரத்தைக் காற்றுப்படாமல் சூடாக்கி, ஆவியாகக்கூடிய பொருள்களில் பெரும்பகுதியை முன்பே வெளியேற்றிய பின் எஞ்சுவது. ஆகவே நன்றாகக் கனன்று சாம்பல் பூத்த கரியில் மரமணம் மிகக் குறைவாகவே உள்ளது. இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி, அந்தக் கணமே ஆவியாகிப் புகையாக மேலெழுந்து மீண்டும் இறைச்சியின்மேல் படிவதுதான் கிரில் மணத்தின் பெரும்பகுதி. எரிவாயு கிரில்லிலும், சுடருக்கு மேல் உள்ள உலோகத் தகடுகளில் கொழுப்பு விழுந்து புகைவதால் அதே மணம் ஓரளவு கிடைக்கிறது. எனவே கிரில் சுவை என்பது இழந்த கொழுப்பின் சுவை. கொழுப்பு நிறைந்த ஆட்டிறைச்சி, தோலோடு கூடிய கோழித்தொடை, கடல்மீன் ஆகியவை அதில் சிறந்து விளங்குவதும், கொழுப்பற்ற கோழி மார்பும் காய்கறிகளும் எண்ணெய் பூசினாலன்றி வறண்டுபோவதும் இதன் விளைவுகளே.

கல்லில் கொழுப்பு வீணாவதில்லை. அமெரிக்க முகாமின் காலை உணவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சிச் சீவலான பேக்கனை முதலில் கல்லில் இட்டால், அது வெளியிடும் நெய்யிலேயே துருவிய உருளைக்கிழங்கை முறுகலாக வறுக்கலாம், அதன்பின் முட்டையை உடைத்து ஊற்றலாம், ஓரத்தில் பான்கேக் மாவையும் வார்க்கலாம். இவற்றில் முட்டையும் மாவும் கம்பித் தட்டியில் நினைத்துப்பார்க்கவும் முடியாதவை. வட அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டியோர் தங்கிய முகாம்களின் சமையலறைகளில் பான்கேக்குகளே காலை உணவின் முதுகெலும்பாக இருந்தன. அம்முகாம்களில் பிறந்த பால் பன்யன் என்னும் அரக்க உருவ மரவெட்டியைப் பற்றிய நாட்டுப்புறக் கதைகளில், அவனுடைய கல் மிகப் பெரிதாக இருந்ததால், சமையலாளர்கள் பாதங்களில் பேக்கன் துண்டுகளைக் கட்டிக்கொண்டு அதன்மேல் சறுக்கி ஓடி நெய் தடவினார்களாம். காட்டில் பசியோடு உழைப்போருக்குக் கல் எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதை இக்கற்பனை அழகாகக் காட்டுகிறது.

கிரில் வெகுமக்கள் கைக்கு வந்த வரலாறும் முகாமோடு பின்னிப்பிணைந்ததே. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகியோர் 1910களின் பிற்பகுதியிலும் 1920களின் தொடக்கத்திலும் கூடாரங்களோடு காரில் நெடும்பயணம் செல்வதை வழக்கமாக வைத்திருந்தார்கள். அப்பயணங்களைப் பற்றிய செய்திகளே காரில் சென்று முகாமிடும் ஆசையை அமெரிக்கர்களிடையே பரப்பின. அதே காலத்தில் ஃபோர்டு, மிச்சிகன் மாநிலத்தில் கார் விற்பனையாளராக இருந்த தம் உறவினர் எட்வர்டு கிங்ஸ்ஃபோர்டின் உதவியோடு பெருங்காடுகளை வாங்கி, காருக்கு வேண்டிய மரப்பகுதிகளை அங்கேயே செய்யத் தொடங்கினார். மிஞ்சிய மரத்துண்டுகளையும் தூளையும் வீணாக்க மனமின்றி அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்து அழுத்திச் சிறு கட்டிகளாக்கி, தம் கார்க் கடைகள் வழியாகவே விற்கச் செய்தார். அந்தக் கரிக்கட்டிகளே பின்னர் கிங்ஸ்ஃபோர்டு என்னும் பெயரில் நாடெங்கும் பரவின. சிகாகோவில் கடல் மிதவைகள் செய்த உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன், காற்றும் மழையும் திறந்த அடுப்பைக் கெடுப்பதைத் தடுக்க 1952இல் மிதவை வடிவைப் பாதியாகப் பிளந்து, மூடியும் காற்றுத்துளைகளும் உடைய உருண்டை கிரில்லை உருவாக்கினார். கல்லின் எழுச்சி அதற்கு நெடுங்காலம் பிந்தியது: யூட்டா மாநிலத்தில் 2005இல் தொடங்கிய பிளாக்ஸ்டோன் போன்ற நிறுவனங்கள், பெரும்பாலும் உணவகச் சமையலறைகளில் இருந்த எரிவாயுக் கல்லை வீட்டு முற்றத்துக்கும், பின்னர் மேசைமேல் வைக்கும் சிறு வடிவில் முகாமுக்கும் கொண்டுவந்தன. ஆஸ்திரேலியாவிலோ இந்தப் போட்டி எழவே இல்லை எனலாம். அங்குப் பொதுப் பூங்காக்களில் எவரும் பயன்படுத்த வைத்திருக்கும் மின்னடுப்புகள் பெரும்பாலும் தட்டையான எஃகுத் தகடுகளே.

கல்லைச் சுமப்போருக்கு எடை முதல் கவலை. 43 செ.மீ. நீளமும் 36 செ.மீ. அகலமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் தகடு மட்டுமே ஏறக்குறைய 4.9 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியத் தகடு 1.7 கிலோவுக்குள் அடங்கும். அலுமினியம் வெப்பத்தை எஃகைவிடப் பலமடங்கு விரைவாகப் பரப்புவதால், அடியில் சுடர் ஓரிடத்தில் மட்டும் எரிந்தாலும் கல் முழுவதும் சீராகச் சூடாகிறது. ஆனால் குளிர்ந்த இறைச்சியை வைத்ததும் வெப்பம் இறங்காமல் தாங்குவதில் அதே தடிமனுள்ள எஃகே மேலானது. முதுகில் சுமந்து நடப்பவருக்கு எஃகு ஏற்றதல்ல, காரில் செல்பவருக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. எஃகையும் வார்ப்பிரும்பையும் பழக்க வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சைப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மீண்டும் பூசிக் காய்ச்சினால், எண்ணெய் கெட்டியான படலமாக மாறி உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் முகாமில் இரவுப்பனி படிந்தால் ஒரே இரவில் துரு ஏறிவிடும் என்பதால், சமையல் முடிந்ததும் எண்ணெய் தடவி மூடிவைப்பது அங்குக் கூடுதல் தேவையாகிறது. கல் மட்டமாக நிற்பதும் முக்கியம். மேசை சற்றுச் சாய்ந்திருந்தாலும் எண்ணெய் ஒரு மூலையில் குளமாகத் தேங்கி, முட்டை அதைத் தேடி ஓடும்.

எரிபொருளிலும் கணக்கு உண்டு. அமெரிக்க முகாம்களில் பரவலாக உள்ள சிறு புரோப்பேன் உருளையில் 465 கிராம் வாயு இருக்கிறது, 3.5 கிலோவாட் திறனுள்ள அடுப்பை முழுவேகத்தில் எரித்தால் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் என்பதால் உறைபனிக் காலையிலும் அது தடையின்றி ஆவியாகிச் சுடருக்கு வருகிறது. பியூட்டேனோ மைனஸ் அரை டிகிரியிலேயே நீர்மமாகத் தங்கிவிடுவதால், மலைமுகாமின் விடியற்காலையில் அடுப்பு மங்கி அணைந்துபோகிறது. தீர்ந்ததும் எறியப்படும் இந்தச் சிறு உருளைகள் பெருங்குப்பையாகச் சேர்வதால், மீண்டும் நிரப்ப முடியாதவற்றின் விற்பனையை 2028 முதல் நிறுத்தும் சட்டத்தைக் கலிஃபோர்னியா இயற்றியுள்ளது.

ஆனால் மேற்கு அமெரிக்காவில் கோடைக்கால முகாமின் சமையலை உண்மையில் தீர்மானிப்பது சுவையோ எடையோ அன்று, காட்டுத்தீயைத் தடுப்பதற்கான ஆணைகள்தாம். வறட்சி மிகும்போது வனத்துறை இரண்டு படிகளில் கட்டுப்பாடுகளை விதிக்கிறது. முதற்படியில், விறகுத்தீயும் கரியடுப்பும் அதற்கென அமைத்த முகாமிடங்களில் மட்டும் அனுமதிக்கப்படுகின்றன. இரண்டாம் படியில், அங்கேயும் அவை தடைசெய்யப்படுகின்றன. திருகினால் உடனே அணையும் வாயு அடுப்புக்கு மட்டும், அதைச் சுற்றி ஏறக்குறைய 1 மீட்டருக்குக் காய்ந்த புல்லோ சருகோ இல்லாதிருந்தால், பொதுவாக விலக்கு உண்டு. அதாவது, கரி கிரில் மிகவும் இன்பம் தரும் வறண்ட கோடையில்தான் அதைப் பற்றவைப்பது குற்றமாகிறது. எரிவாயு கிரில் இந்த விலக்குக்குள் வந்துவிடும் என்பது உண்மையே. எனினும் கொழுப்பு சொட்டிக் குபீரென்று சுடர் எழும் இயல்பு அதற்கு உண்டு, மூடிய பரப்புள்ள கல்லுக்கு அது மிகக் குறைவு. காய்ந்த காட்டின் நடுவில் எழும் சுடரை அஞ்சுவது கோழைத்தனம் அல்ல, காட்டின்பால் கொண்ட கடமை. கரியைப் பயன்படுத்த முடிந்த நாள்களிலும், அது வெளியே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும் என்பதால், நீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப்பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே அந்த இடத்தை விட்டு நீங்க வேண்டும்.

உயிருக்கே கேடு விளைக்கும் இரண்டு பிழைகளைத் தனியே சொல்ல வேண்டும். மழைக்கோ குளிருக்கோ அஞ்சி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது முதலாவது. குறிப்பாகக் கரி, சுடர் அடங்கிக் கனலும்போதும், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவை மிகுதியாக வெளியிடுகிறது. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவதால், உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிட நேரிடும். ஆறிவிட்டதாகத் தோன்றும் கிரில்லைக் கதகதப்புக்காக உள்ளே வைத்துக்கொள்வதும் இதே ஆபத்துதான். இரண்டாவது பிழை கல்லுக்கு உரியது. வாயுக்குப்பியைப் பக்கவாட்டில் செருகிப் பயன்படுத்தும் மேசையடுப்பு ஜப்பானிலும் கொரியாவிலும் பெருவழக்கில் உள்ளது. அதன்மேல் அளவுக்கு மீறிய பெரிய கல்லை வைத்தால், தகட்டின் அடியில் தேங்கும் வெப்பம் குப்பியின் மேல் பாய்ந்து, உள்ளே அழுத்தம் ஏறிக் குப்பி வெடித்துவிடும். குப்பியை மறைக்காத அளவுக் கல்லையே வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கு விடாமல் சொல்லப்படுகிறது. காற்றைத் தடுக்க அடுப்பையும் குப்பியையும் சேர்த்துத் தகட்டால் சுற்றிக் கட்டுவதும் அத்தகையதே.

கொழுப்பு தங்குவதால் வரும் சுமை சமைத்த பிறகு தெரிகிறது. கிரில் கம்பியை நெருப்பே சுட்டுத் தூய்மையாக்கிவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும். கல்லில் மிஞ்சிய நெய் ஓரத்து வடிகிண்ணத்தில் சேர்கிறது, அதை மண்ணில் ஊற்றவோ தீவளையத்தில் கொட்டவோ கூடாது; கெட்டியாகவிட்டு, குப்பையோடு சேர்த்து வெளியே எடுத்துச்செல்ல வேண்டும். கல்லைச் சூடாக இருக்கும்போதே சுரண்டி, சிறிது நீர் தெளித்து ஆவியால் ஒட்டியதைக் கிளப்பி, தாளால் துடைத்துவிடலாம் என்பதால், ஒரு குவளை நீர்கூட முழுமையாகச் செலவாவதில்லை. நீரைச் சுமந்துவர வேண்டிய பாலைநில முகாமில் இது பெரிய வசதி. எந்தக் கழுவுநீரையும் ஓடையிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் விலகியே கொட்ட வேண்டும் என்பது அமெரிக்க முகாம்களின் பொது நெறி. கரடிகள் வாழும் காடுகளிலோ துடைப்பது மட்டும் போதாது. கொழுப்பின் மணத்தை அவை மிகத் தொலைவிலிருந்தே அறிந்துவிடும் என்பதால், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உணவை மட்டுமின்றி, பயன்பாட்டில் இல்லாத அடுப்புகளையும் கிரில்களையும் சமையல் கலங்களையும்கூட வண்டிக்குள்ளோ கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள்ளோ பூட்டிவைக்க வேண்டும் என்று விதி உள்ளது. மனித உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் முகாமுக்கு வந்து, இறுதியில் கொல்லப்படும் நிலைக்கு ஆளாகிறது. ஆகவே வடிகிண்ணத்தை இரவில் மேசைமேல் மறந்துவிடுவது ஒரு விலங்கின் உயிரோடு தொடர்புடைய கவனக்குறைவு.

உடல்நலம் குறித்த ஐயத்துக்குச் சுருக்கமான விடையே போதும்: தணலில் கொழுப்பு எரிவதால் உண்டாகும் புகையில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளன, கல்லில் அந்தப் புகை குறைவு. ஆனால் இறைச்சியைக் கருகும்வரை சுட்டால் உண்டாகும் வேறு வகைத் தீய பொருள்கள் கல்லிலும் பிறக்கவே செய்யும். புறம் கருகி அகம் வேகாமல் போவது கரி கிரில்லில் அடிக்கடி நேர்வதால், கோழியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸையும் கொத்திய மாட்டிறைச்சி 71 டிகிரியையும் எட்டியதா என்று குத்துவெப்பமானியால் பார்ப்பது, குளிர்பெட்டியின் பனி உருகிக்கொண்டிருக்கும் முகாமில் வீட்டைவிடத் தேவையானது.

ஒரே இரவு தங்கி, நல்ல இறைச்சியைத் தீயின் அருகில் அமர்ந்து சுட்டு உண்ண விரும்புவோருக்கு அங்கேயே உள்ள கம்பித் தட்டி போதும். இரண்டு மூன்று நாள்கள் தங்கி, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மூன்று வேளையும் சமைக்க வேண்டிய குடும்பத்துக்குக் கல்லே உதவும். இரண்டையும் ஒன்றில் பெற எண்ணுவோர் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வரப்பு வரப்பாகவும் உள்ள வார்ப்பிரும்புத் தகட்டை வாங்கித் தீவளையத்தின் தட்டிமேல் வைக்கிறார்கள். வரப்புள்ள பக்கத்தில் இறைச்சிக்குக் கருங்கோடுகள் விழும், தோற்றமும் கிரில்லில் சுட்டது போலவே இருக்கும். ஆனால் உருகிய கொழுப்பு வரப்புகளின் இடையே தேங்கி நிற்குமேயன்றித் தணலில் விழாது என்பதால், கிரில்லின் மணம் அதில் ஏறாது. வரப்புகளால் தொடுபரப்பும் குறைந்துவிடுவதால், கல்லுக்கு உரிய சீரான சிவப்பும் கிடைக்காது. அத்தகட்டை வாங்கியவர்கள் வழவழப்பான பக்கத்தை மேலே வைத்துச் சமைப்பதே நல்லது. அதன் கீழே விறகு எரிந்தால், ஓரங்களைச் சுற்றி எழும் மரப்புகை உணவில் ஓரளவு படிந்து, கரியால் கொடுக்க முடியாத மணத்தைக் கொடுக்கும்.